ஆண்பிள்ளைக்கு அழகா?

பனித்தரையில் ஸ்கேட்டிங் ஆடுவது ஆண்பிள்ளைக்கு அழகா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கேலிதான், ஆனால் பழைய கேலி.

1949-ல் பர்மிங்ஹாமில் பிறந்த ஜான் கர்ரி சிறு பிராயத்திலேயே பாலே நடனம் கற்க ஆசைப்பட்டார். ஆண்பிள்ளைக்கு அது ஆகாது என்று தகப்பனார் தடுத்துவிட்டார். ஸ்கேட்டிங்குக்கு மட்டும் தடையில்லை, அது விளையாட்டாயிற்றே! பையன் என்ன செய்தான்? மறுக்கப்பட்ட நடனத்தைப் பனிக்கட்டியின் மேலேயே ஆடிக் காட்டினான். கைகளை இத்தனை நளினமாக வீசாதே என்று கண்டித்த பெரிய மனிதர்களும் உண்டு. அவர் கேட்கவில்லை. 1976-ல் இன்ஸ்ப்ருக் ஒலிம்பிக்கில் தங்கம். அதே ஆண்டில் ஐரோப்பியப் பட்டமும் உலகப் பட்டமும். உடனே பத்திரிகைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு, அவர் ஆண்களை விரும்புகிறவர் என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டன!

நான் கேட்கிறேன்: ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டின் மேல் ஓடி, எகிறி, அந்தரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் பின்னோக்கி இறங்குகிறவனிடம் ஆண்மைக்கு அத்தாட்சி கேட்க நமக்கு என்ன ஐயா யோக்கியதை? விழுந்தால் பனிக்கட்டியும் கருங்கல்தான். அந்தப் பயத்தை முகத்தில் காட்டாமல் விரல் நுனிவரை அழகாக இருப்பது கோழை செய்கிற காரியமா?

பதக்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தமக்கென்று ஒரு குழு சேர்த்து, 1984-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபரா அரங்கிலேயே பனித்தரை அமைத்து ஆடினார். எய்ட்ஸ் நோய் கண்டு, 1994-ல் தமது 44-ஆம் வயதில் காலமானார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நண்பர், "இருந்தாலும்..." என்று இழுத்தார். நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.