களிம்பா, மாத்திரையா?

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் வெயில் இரண்டு பக்கமிருந்தும் அடிக்கும். வானத்திலிருந்து வருவது ஒன்று. நீரில் பட்டுத் திரும்பி முகத்தில் விழுவது மற்றொன்று. வள்ளத்தில் போய்வருகிறவர்களில் சிலருக்கு உதட்டோரம் முதலில் குறுகுறுக்கும், பிறகு எரியும். மறுநாள் பார்த்தால் நீர்கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக நிற்கும். அவை உடைந்து, பொருக்குத் தட்டி, ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். காய்ச்சல் விட்ட பிறகும், பரீட்சைக் கவலையில் தூக்கம் கெட்ட நாட்களிலும் உங்களில் சிலருக்கும் இது வந்திருக்கும். “பல்லி எச்சம் பட்டுவிட்டது” என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். பாவம், பல்லிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இது ஹெர்பஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை என்னும் வைரஸின் வேலை. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 100க்கு 64 பேர் உடலில் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே, முத்தம் போன்ற நெருங்கிய தொடுதலில் வந்து சேர்வது. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்குக் களிம்பு தடவுவதா, மாத்திரை விழுங்குவதா என்று கேட்கிறார்கள். அதைவிட முந்திய கேள்வி ஒன்று உண்டு: குறுகுறுப்பு தொடங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று?

காரணத்தைப் பாருங்கள். வைரஸின் வீடு உதடு அல்ல. மண்டையோட்டுக்குள், காதுக்குச் சற்று முன்னால் உள்ள நரம்பு முடிச்சில் அது உறங்கிக் கிடக்கிறது. வெயிலோ காய்ச்சலோ எழுப்பினால் நரம்பு வழியாக இறங்கி உதட்டுக்கு வந்து பெருகுகிறது. கொப்புளம் நன்றாகத் தெரியும்போது பெருக்கம் பெரும்பாலும் முடிந்துவிடும். பிறகு நடப்பது உடலின் பழுதுபார்க்கும் வேலை. மருந்தால் முடிவதோ பெருக்கத்தைத் தடுப்பது மட்டுமே.

அந்த மருந்து அசைக்ளோவிர். அது சும்மா கிடக்கும் பொருள். வைரஸின் சொந்த என்சைம் தொட்டால்தான் விழித்துக்கொள்ளும். விழித்ததும் வைரஸின் டி.என்.ஏ. சங்கிலியை நடுவிலேயே நிறுத்திவிடும். நோயில்லாத செல்லில் அந்த என்சைம் இல்லை. அதனால் அங்கே பெரிய தொந்தரவும் இல்லை. இம்மருந்தை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர் கெர்ட்ரூட் எலியன். 15 வயதில் தாத்தாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, அதனாலேயே வேதியியல் படிக்க வந்தவர். 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

களிம்பின் சங்கடம் தோல். அது எதையும் எளிதில் உள்ளே விடாது. நாளுக்கு 5 தடவையாக 4 நாள் பூசினாலும், அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை முன்னதாக ஆறும், அவ்வளவுதான். மாத்திரை இரத்தத்தின் வழியே போகிறது. ஆனால் அசைக்ளோவிரை விழுங்கினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும். வேலின் என்னும் அமினோ அமிலத்தை அதனோடு இணைத்துச் செய்த வாலசைக்ளோவிர் பாதிக்கு மேல் சேரும். ஒரே நாளில் இரண்டு வேளையோடு முடிந்துவிடும். ஆனால் அதிலும் கிடைக்கும் லாபம் சுமார் ஒரு நாளே!

எனவே என் கருத்து இது. ஆண்டுக்கு ஒரு தடவை வந்து போகிறவருக்கு இரண்டும் வேண்டாம். வாசலினும் பொறுமையும் போதும். அடிக்கடி வருகிற கடல் தொழிலாளிக்கு மாத்திரையே மேல். வலை இழுக்கும் ஈரக் கையால் 5 தடவை களிம்பு பூசுவது ஏட்டுச் சுரைக்காய். பூசினாலும் உப்புத் தண்ணீர் கழுவிவிடும். மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்திருந்து, குறுகுறுப்பு எழுந்த உடனே விழுங்க வேண்டும். அன்று தண்ணீர் நிறையக் குடிப்பதும் அவசியம். உடலில் நீர் வற்றினால் இம்மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். கண் சிவந்து வலித்தாலோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு வந்தாலோ வீட்டில் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. புண் உள்ளவர் கைக்குழந்தையை முத்தமிடவும் கூடாது. பிறந்த குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்து.

எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில்தான். படை, சொறி எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு என்று ஸ்டீராய்டு கலந்ததை வாங்கி இதற்கும் தடவுகிறார்கள். அது தோலின் எதிர்ப்பைத் தணித்து வைரஸுக்கு வழிவிடுகிறது.

மண்பாண்டம் செய்வோரிடம் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அக்கி வைரஸ் இதற்கு உறவு. அதுவும் நரம்பிலேயே குடியிருப்பது. அங்கே செங்காவியும் உதவாது, அசைக்ளோவிர் களிம்பும் உதவாது. 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். தாத்தா பாட்டிக்கு வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

வெயிலுக்கே திரும்புவோம். இக்கொப்புளம் அடிக்கடி வரும் 38 பேரின் உதட்டில் புற ஊதாக் கதிர் பாய்ச்சிய ஒரு சோதனை 1991இல் வெளியாயிற்று. வெறும் பூச்சு பூசியபோது 100க்கு 71 பேருக்குக் கொப்புளம் வந்தது. வெயில் தடுப்புப் பூச்சு பூசியபோது ஒருவருக்கும் வரவில்லை. வள்ளம் இறக்கும் முன் உதட்டில் அதைத் தடவி, தலைத்துண்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டால், களிம்பா மாத்திரையா என்று கேட்க வேண்டிய நாட்கள் குறையும்.