பழுதுக்கும் கணக்குண்டு!

“இயந்திரம் நன்றாகத்தானே ஓடுகிறது? பழுது வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்னும் நிர்வாகங்களை நாம் அறிவோம். வந்தபின் பார்க்க, அருகே நிற்கும் தொழிலாளி உயிரோடு இருக்க வேண்டாமா?

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்துக் கரும்பு, கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குச் செல்கிறது. எந்தச் சர்க்கரை ஆலையிலும் உருளை, பம்பு, கொதிகலன், டர்பைன் என ஒன்றை நம்பி ஒன்று ஓடும். இப்படி 100 உறுப்புகள். அரவைக் காலம் முழுதும் பழுதின்றி ஓட ஒவ்வொன்றுக்கும் 100க்கு 99 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ‘போதுமே’ எனத் தோன்றும். பெருக்கிப் பாருங்கள்: அத்தனையும் தடையின்றி ஓட வாய்ப்பு 100க்கு 37தான்! இதுவே நிகழ்தகவுக் கணக்கு.

கொதிகலனில் சேப்டி வால்வு இரண்டு. ஒன்று தவற 100ல் 1 வாய்ப்பு என்றால், இரண்டும் தவற 10,000ல் 1. ஆனால், பராமரிப்பைத் தள்ளிப்போட்டு இரண்டிலும் துரு ஏறவிட்டால், அந்தப் பத்தாயிரம் வெறும் காகிதக் கணக்கே!

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7ல் கொதிகலன் விபத்து. 55 நாளில், ஜூலை 1ல், அங்கேயே மீண்டும் விபத்து. அன்றே அறுவர் மாண்டனர். ஒரு விபத்து நடந்ததும் பழைய நம்பிக்கைக் கணக்கைத் திருத்த வேண்டும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தோழர்களே! ஒவ்வொரு பழுதும் நாளோடும் நேரத்தோடும் ஏட்டில் ஏறட்டும். அந்த ஏடு தொழிலாளர் பார்வைக்கு வரட்டும். போனஸ் கேட்கும் குரலால் இதையும் கேளுங்கள். லாபக் கணக்கு எழுதும் கைகள், உயிர்க் கணக்கும் எழுதட்டும்!