உப்புக்கு இரையாகாத தூண்டில் றீல்

திருகோணமலையிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஓராண்டுகாலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தூண்டில் றீல் ஒன்று வாங்கினாராம். விடுமுறை நாள்களில் அவர் கரையில் நின்று வீசிப் பிடித்த மீன் வீட்டுக் கறிக்கும் உதவிற்றாம். நான்கே மாதங்களில் றீல் கரகரத்து, இறுகி, நின்றுவிட்டது. "மீண்டும் பணம் சேர்த்துவிட்டேன். இம்முறை எதை வாங்கினால் நிலைக்கும்?" என்பது அவருடைய கேள்வி.

கேள்வி ஒன்றாயினும் விடை இரண்டு. எதை வாங்குவது என்பது ஒன்று. வாங்கியதை எவ்வாறு பேணுவது என்பது மற்றொன்று. இரண்டனுள் பின்னையதே பெரிது என்பது நாம் பட்டறிந்த பாடம்.

இத்துறையிற் பழகாத நேயர்களுக்காக ஒரு சொல். இவ்வகை றீலில் நூலுருளை சுழலாது நிற்கும். வீசும்போது தங்கூசி அதன் தலைப்பக்கமாகக் கழன்று ஓடும். கைபிடியைச் சுற்றும்போது, உருளையைச் சூழ்ந்த வளைகம்பி நூலைத் திரும்பச் சுற்றிக்கொள்ளும். இங்கிலாந்தில் நூலாலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த அல்பிரட் இலிங்வேர்த் என்பவர் 1905 இல் இத்தகைய றீலுக்கு ஆக்கவுரிமை பெற்றார். நூற்கண்டை நிறுத்திவைத்து அதன் நுனியிலிருந்து நூலை உருவும் நெசவாலை முறையே இதற்கும் அடிப்படை.

கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. றீல் மேல் தெறித்த நீர் உலர்ந்தபின் அவ்வுப்பு அங்கேயே தங்குகிறது. உலர்ந்துவிட்டதே, இனி என்ன தீங்கு என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டு உப்புச் சாடியைத் திறந்து பார்க்கட்டும். மாரிகாலத்தில் உப்பு நீர்த்துப்போவதை அறியாத இல்லத்தரசி எவர்? தூய சோடியங் குளோரைட்டு, சாரீரப்பதன் நூற்றுக்கு 75 ஐக் கடந்ததும் காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங் குளோரைட்டோ நூற்றுக்கு 33 அளவிலேயே அவ்வாறு செய்யும். எமது கரையோரங்களில் இரவுக் காற்றின் சாரீரப்பதன் பெரும்பாலும் 75 ஐ விஞ்சியே நிற்பது. ஆகவே, மூலையிற் சாத்திவைத்த றீலில் உப்பு இரவுதோறும் மீண்டும் நனைகிறது.

பௌதிக, இரசாயன மாணவர்கள் இதற்கு மேலும் ஒன்றை நினைவுகூரலாம். அலுமினியமும் கறையில் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால், அங்கே சிறியதொரு மின்கலம் உண்டாகிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகிறது. திருகாணி இறுகுவதும், வர்ணம் கொப்பளித்து உரிவதும் இதனாலேயே. கடலில் நின்ற சில மணி நேரத்தைவிட, வீட்டிற் கழியும் நாள்களே றீலுக்குக் கேடானவை.

இதை நாம் இழப்பின் மூலமே கற்றோம். எமது தமையனார் ஆறு ஆண்டுகள் பாவித்த றீலை எமக்குத் தந்திருந்தார். ஒருநாள் நிலாவெளிக் கரையிலிருந்து களைத்து வந்து, நாளை கழுவலாம் என்று பையோடு வைத்துவிட்டோம். அந்த 'நாளை' வர இரண்டு வாரங்கள் சென்றன. அடுத்தமுறை கரைக்குச் சென்றபோது நல்ல பாரையொன்று பற்றியது. தடைப்பிடியின் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தமையால் நூல் இளகவில்லை. தங்கூசி படீரென அறுந்தது. தமையனார் றீலை வாங்கிப் பார்த்தார். "வண்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டுத்தானே நாங்கள் சோத்துக்குப் போறது? இதுக்கும் அப்பிடித்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இனி, தெரிவு செய்யும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயாரிங் தொகையைக் கண்டு மயங்கலாகாது. காப்பில்லாத பத்துப் பெயாரிங்குகள் துருப்பிடிப்பதற்குப் பத்து இடங்கள். உப்பைத் தாங்கும் நான்கு ஐந்தே போதுமானவை. இரண்டாவது, உடல். உலோக உடல் பெருமீன் இழுக்கும்போது வளையாது. ஆனால் மேற்பூச்சுக் கீறுபட்டால் அரிப்பு நுழையும். காபன் கலந்த பிளாத்திக்கு உடல் அரிக்கப்படாது. ஆனால் மலிவானவை பாரத்தில் நெளிய, பற்சில்லுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் விரைவில் தேயும். பாரைக்கும் கட்டாவுக்கும் வீசுபவர் உறுதியான உடலையே நாடவேண்டும். மூன்றாவது, கைபிடி. நீண்ட ஆணியொன்றால் மறுபக்கத்திலிருந்து பூட்டப்படுவதைவிட, பற்சில்லினுள் நேரே திருகப்படுவது ஆட்டமின்றி நிற்கும். கடையிலேயே கைபிடியை அசைத்துப் பாருங்கள்; வளைகம்பியைப் பலமுறை திறந்து மூடுங்கள்; நூலைத் தாங்கும் சிறு கப்பி விரல் பட்டதும் சுழல்கிறதா என்று நோக்குங்கள்.

நான்காவது, நீர்க்காப்பு. சில றீல்களில் 'ஐபிஎக்ஸ் 5' என்ற குறியைக் காணலாம். 6.3 மில்லிமீற்றர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லீற்றர் வீதம் பீச்சும் நீரைத் தாங்கியது என்பது அதன் பொருள். 'ஐபிஎக்ஸ் 7' என்றால் ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கியது. இச்சோதனைகள் புதிய பொருளில், நன்னீரில் நடைபெறுபவை. உள்ளேயுள்ள இறப்பர் வளையங்கள் ஆண்டுகள் செல்லத் தேயும் என்பதை மறத்தலாகாது.

ஐந்தாவதே மிக முக்கியமானது. உதிரிப்பாகம் கிடைக்குமா? வளைகம்பியின் வில்லும், கப்பியும், தடைத் தட்டுகளும் தனித்தனியே வாங்கக்கூடிய றீலையே வாங்குங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1932 இல் தொடங்கிய பென் நிறுவனத்தார் 1960களில் வெளியிடத் தொடங்கிய 'ஸ்பின்பிஷர்' றீல்களிற் பல இன்றும் சுழல்கின்றன. எளிய அமைப்பும், திறந்து பழுதுபார்க்கத்தக்க பாங்குமே அவற்றின் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

வாங்கியாயிற்று. கரையிலிருந்து வந்தவுடன் செய்யவேண்டியது பத்து நிமிட வேலைதான். முதலில் தடைப்பிடியை இறுக்குங்கள். நீர் தட்டுகளுக்குள் புகாதிருக்கும். பின்பு நன்னீரை மெல்லிய தாரையாக ஓரிரு நிமிடம் விடுங்கள். வேகமாகப் பீச்சினால் உப்பு வெளியேறாது, உள்ளேதான் போகும். வாளிக்குள் அமிழ்த்துவதும், நீர் ஓடும்போது கைபிடியைச் சுற்றுவதும் வேண்டா. பின் உதறித் துணியால் ஒற்றுங்கள். நூலுருளையைக் கழற்றி அச்சுத்தண்டைத் துடையுங்கள். இறுக்கிய தடைப்பிடியை முற்றாக இளக்கி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலரவிடுங்கள். தடைப்பிடியை இறுகியபடியே வைத்தால் தட்டுகள் நசுங்கி ஒட்டும். எமக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும்.

நன்னீர் என்றோம். தீவுப் பகுதியினரும் கரையோரத்தாரும் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். கிணறு உவராயின், அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். அத்தகையோர் மழைநீரிற் சிறிது போத்தலில் எடுத்து வைப்பது நன்று.

மறுநாள், நன்கு உலர்ந்தபின், கப்பியிலும் வளைகம்பியின் இரு மூட்டுகளிலும் கைபிடிக் குமிழிலும் ஒவ்வொரு துளி எண்ணெய் இடுங்கள். தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெய் இதற்குப் போதும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டா. அது நாளடைவில் தடித்துப் பிசினாகும். எண்ணெய் இடலாகாது என்று உடன்வந்த கைந்நூல் குறிப்பிடும் இடங்களையும் தொடாது விடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை றீலைத் திறந்து பழைய கிறீஸை அகற்றிப் புதிது பூசவேண்டும். வெள்ளைத் துணியொன்றை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொரு பாகத்தையும் இடமிருந்து வலமாக அடுக்குங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சில புரிகள் வலப்பக்கமாகக் கழல்பவை. ஆதலின் வலிந்து திருகாதீர்கள். பற்சில்லுக்குக் கிறீஸ் வேண்டும். கைபிடி பின்னோக்கிச் சுழலாது தடுக்கும் ஒருவழிப் பெயாரிங்குக்கோ அது ஆகாது. தடித்த கிறீஸ் பட்டால் அது வழுக்கும். தடைத் தட்டுகளுக்கு அவற்றுக்கென விற்கப்படும் கிறீஸையே பூசுங்கள்.

இறுதியாகத் தடைப்பிடியின் அளவு. நூல் தாங்கும் பாரத்தில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்றுவரை போதும். 9 கிலோ தாங்கும் நூலாயின், 2¼ முதல் 3 கிலோவுக்குள் நூல் இளகத் தொடங்கவேண்டும். நூல்நுனியை விற்றராசிற் கட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பாடசாலையிற் கற்ற விற்றராசு பாரை பிடிக்கவும் உதவுவது கண்டு மகிழலாம்.

திருகோணமலைத் தம்பிக்கு எமது விடை இதுதான். கையிலுள்ள பணம் முழுவதையும் றீலுக்கே செலவிட வேண்டாம். உறுதியான நடுத்தர றீல் ஒன்றை வாங்குங்கள். மிச்சத்தில் எண்ணெயும் கிறீஸும் ஓர் உதிரி வில்லும் வாங்கி வையுங்கள். பழைய றீலையும் எறிந்துவிடாதீர்கள். அதைத் திறந்து, எங்கெங்கே உப்புப் புகுந்தது என்று பாருங்கள். அதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் வேறில்லை. பின்பு, கரையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு மாலையும் சோற்றுக்கு உட்காருமுன் றீலுக்குத் தண்ணீர் காட்டுங்கள்.