எரியாத மரமா? எரியும் பொய்யா?



இன்று நான் எழுதப் போவது சிலருக்குக் கசக்கும். எனக்கும் கசக்கிறது. ஏனெனில், குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அறிவியல் புத்தாக்கப் போட்டி ஒன்றுக்கு ஐந்தாம் ஆண்டு மாணவர் மூவரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு எனக்கும் மற்றோர் ஆசிரியருக்கும் அளிக்கப்பட்டது. பட்டறையில் வீணாகும் இரப்பர் மரத்தூளின் மீது களிமண்ணும் சோடியம் சிலிகேட் கரைசலும் பூசி, உலர்த்தி, அதன் வெப்பம் தாங்கும் திறனைக் கூட்டுவதே ஆய்வு. நெருப்பை நாங்களே கையாண்டோம்; மாணவர்கள் உற்றுநோக்கிக் குறிப்பெடுத்தனர். பூசாத தூள் சடுதியில் தீப்பற்றியது. பூசிய தூளில் சுவாலை எழவில்லை. உடனே பதாகையில் கொட்டை எழுத்தில் எழுதினோம்: "எரியாத மரத்தூள்!"

ஆனால், மாணவி ஒருத்தி ஆறிய துகள்களை நசுக்கிப் பார்த்தாள். உள்ளே கருங்கரி! "சுவாலை வரவில்லை, ஆனால் உள்ளே கருகிவிட்டது" என்று ஆய்வேட்டில் எழுதினாள். அந்த வரியை நீக்கச் சொன்னார் என் சக ஆசிரியர். "நடுவர் கண்டால் புள்ளி குறையும்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. பதக்கம் கிடைத்தது. திரும்பும் வழியில் அச்சிறுமி கேட்டாள்: "ஐயா, நான் பார்த்தது தவறா?"

அவள் பார்த்ததே அறிவியல். நாம் எழுதியதுதான் தவறு!

ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு மேல் மரம் சிதையத் தொடங்குகிறது. வெப்பம் 300 பாகையை நெருங்கும்போது எரியும் வளிகள் மிகுதியாக வெளியேறுகின்றன. நாம் காணும் சுவாலை அவ்வளிகள் எரிவதே. கனிமப் பூச்சு என்ன செய்கிறது? வெப்பம் உட்புகும் வேகத்தைக் குறைக்கிறது. உயிர்வளி நெருங்குவதைத் தடுக்கிறது. சோடியம் சிலிகேட்டோ சூட்டில் நுரைத்துப் பொங்கிக் கண்ணாடிப் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. இவையனைத்தும் தாமதப்படுத்தும் வேலைகள். மரத்தை மரமல்லாததாக மாற்றும் மந்திரம் எதுவும் இல்லை.

துகள் என்பதால் சிக்கல் இன்னும் பெரிது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள மரக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டுகள். மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். நெருப்பு தீண்டும் பரப்பு பத்து மடங்கு! பருத்த உத்திரத்தின் புறத்தே கரி படிந்து உட்பகுதியைச் சிறிது நேரம் காக்கும். துகளுக்கு அந்த ஆழம் ஏது? ஒவ்வொரு துகளையும் பூச்சு முழுமையாகப் போர்த்த வேண்டும். காய்ந்த களிமண்ணில் ஒரு விரிசல் விழுந்தாலும் அங்கே வெப்பம் நுழையும். சோடியம் சிலிகேட் ஈரத்தில் கரையக்கூடியது. நம் நாட்டு மழைக்கும் புழுக்கத்துக்கும் அது எத்தனை நாள் தாங்கும் என்றாவது சோதித்தோமா?

இது நாம் புதிதாகக் கண்டதும் அன்று. செருமனியின் மியூனிக் நகர அரங்கு 1823-இல் தீக்கிரையானது. அதனை மீண்டும் எழுப்பியபோது, யோகான் நெப்போமுக் ஃபொன் ஃபுக்ஸ் என்ற வேதியியலர் உருவாக்கிய நீர்க்கண்ணாடியைத் தீக்காப்புக்குப் பயன்படுத்தினர். நீர்க்கண்ணாடி என்பது இதே சிலிகேட் வகைக் கரைசல்தான். ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறுடைய ஒன்றை "உலகிலேயே முதன்முறை" என்று சிறுவர் வாயால் சொல்ல வைத்தோமே, நமக்கு நாணம் வேண்டாமா?

"பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டாமா?" என்று சிலர் கேட்பர். வேண்டும். ஆனால், பொய் ஊக்கமாகாது. தீ விபத்தில் சில நிமிடத் தாமதம் ஓர் உயிரைக் காக்கும். அந்தத் தாமதமே இவ்வாய்வின் பெருமை. அதைப் பெருமையாகச் சொல்லத் தெரியாத நாம் "எரியாது" என்ற பொய்யைத் தேடிப் போனோம். அதை நம்பி ஒருவர் அத்தூளால் செய்த பலகையை அடுப்பருகில் பொருத்தினால், விளைவுக்கு யார் பொறுப்பு? காலையில் நன்னெறிப் பாடத்தில் வாய்மையைப் போதித்துவிட்டு, மாலையில் ஆய்வேட்டு வரியை அழிக்கச் சொல்லும் நாம் எந்த முகத்தோடு வகுப்பறைக்குள் நுழைவது?

ஆசிரியர்களே, "எரியாது" என்று எழுதாதீர். "இத்தனை நிமிடம் தாங்கியது" என்று எழுதுங்கள். தோற்ற சோதனையையும் பதாகையில் இடம்பெறச் செய்யுங்கள். நடுவர்களே, பதாகையின் பளபளப்பை விட்டு ஆய்வேட்டைப் புரட்டுங்கள். பெற்றோர்களே, "பதக்கம் கிடைத்ததா?" என்று கேட்குமுன் "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள்.

அந்த மாணவிக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்: மகளே, நீ பார்த்தது சரி. உன் வரியை அழிக்க விட்ட நானே தவறு செய்தவன்.

சிந்திப்போம்; திருந்துவோம்.