உடலை அறிவோம்: பால் வற்றவில்லை

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் படுவான்கரைச் சனங்கள் வாவியைத் தாண்டி எழுவான்கரைக்கு வந்து முகாம்களில் தங்கியிருந்த நாட்களை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ஒரு கூடாரத்தில் இளந்தாய் ஒருத்தி, ஒன்றரை மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குப் பால் வத்திட்டுகா. ஷெல் சத்தத்தில பயந்ததோட நிண்டிட்டு" என்றாள். பக்கத்தில் யாரோ கொடுத்த பால்மாப் பெட்டி. தண்ணீர் கொதிக்க வைக்க விறகில்லை. போத்தல் கழுவ நல்ல தண்ணீரும் இல்லை.

பயத்தால் பால் வற்றிவிடும் என்று நம்மிடையே எல்லோரும்தான் சொல்கிறோம். அது சரிதானா என்று அறிய, மார்பகத்தின் உள்ளே கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

மார்பகத்தினுள் திராட்சைக் குலை போலச் சின்னஞ்சிறு பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் உள்ள கலங்களே பாலைச் செய்கின்றன. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் மெல்லிய சவ்வாலான தட்டையான அறைகள் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். பாடசாலைப் புத்தகத்தில் இதற்கு அகமுதலுருச் சிறுவலை என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம் வீச்சுவலை போன்ற வலையும் அல்ல. இதன் வெளிப்புறத்தில் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருப்பவை இறைபோசோம்கள். நாம் உண்ட மீனும் பயறும் சமித்து அமினோ அமிலங்களாகி இரத்தத்தில் வருகின்றன. அவற்றை மாலை கோர்ப்பது போல இறைபோசோம்கள் கோர்க்கும். அந்த மாலை சிறுவலைக்குள் நுழைந்து, சரியான வடிவத்தில் மடிந்து, பாற்புரதமாகிறது. பிழையாக மடிந்ததை வெளியே விடாமல் அழித்துவிடுவதும் உண்டு. மருதமுனைத் தறிக்காரர் பழுதான சாரத்தை ஒதுக்கி வைப்பார்களே, அப்படி. நல்லவை சிறு குமிழிகளில் ஏறி கொல்கி என்ற அடுத்த பகுதிக்குப் போய், கல்சியத்துடன் சேர்ந்து பொதியாகி, கலத்தின் ஓரத்தில் திறந்து பாலோடு கலக்கின்றன.

எந்தப் புரதம் இந்த வழியே போகவேண்டும் என்று எப்படித் தெரியும்? புரதத்தின் நுனியிலேயே விலாசம் போல ஒரு துண்டு இருக்கிறது. இதைக் கண்டறிந்த குந்தர் புளோபெல் 1999இல் நோபல் பரிசு பெற்றார். அவரும் நம்மைப் போல இடம்பெயர்ந்தவர்தான். 1945 ஜனவரியில், எட்டு வயதில், அப்போது ஜெர்மனியைச் சேர்ந்திருந்த சிலேசியாவிலிருந்து குடும்பத்தோடு ஓடியவர். அதே ஏப்ரலில் ரயில் மீது நடந்த விமானத் தாக்குதலில் அவருடைய அக்கா ரூத் இறந்தார். பரிசுப் பணத்தை அக்காவின் நினைவாக, குண்டுவீச்சில் அழிந்த டிரெஸ்டன் நகரின் தேவாலயத்தையும் யூதர் ஆலயத்தையும் கட்டக் கொடுத்தார்.

இனி அந்தத் தாயிடம் வருவோம். ஷெல் சத்தம் அவளுடைய கலங்களின் வேலையை நிறுத்திவிடவில்லை. பால் செய்வது ஒன்று, செய்த பாலை இறக்குவது வேறொன்று. பிள்ளை உறிஞ்சும்போது ஒக்சிடோசின் என்ற ஓமோன் சுரந்து, பைகளைச் சுற்றியுள்ள தசை போன்ற கலங்கள் இறுகினால்தான் பால் இறங்கும். பயமும் துக்கமும் இதைத்தான் தாமதப்படுத்துகின்றன. பால் உள்ளே இருக்கும், வராது. அந்நேரம் பால்மாவைக் கொடுத்தால் பிள்ளை உறிஞ்சுவது குறையும். தேங்கிய பால், இனிச் செய்யவேண்டாம் என்று கலங்களுக்குச் சொல்லிவிடும். அதன் பிறகுதான் உண்மையாகவே வற்றுகிறது. குற்றம் தாயுடையதல்ல.

செய்ய வேண்டியது: பிள்ளையைச் சட்டையில்லாமல் தாயின் நெஞ்சோடு அணைத்து, இரவு பகலாக எட்டுப் பன்னிரண்டு தடவை உறிஞ்ச விடுவது. பக்கத்தில் ஒரு பெண் இருந்து முதுகைத் தடவி, ஆறுதலாய்க் கதைக்கவேண்டும். சில வாரம் பால் நின்றுபோனவருக்கும் இப்படித் திரும்ப வந்திருக்கிறது. பால்சுறா வறை சாப்பிட்டால் பால் ஊறும் என்பார்கள். சுறா கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் சூடை மீனும் கௌபியும் முருங்கை இலையும் போதும். தாய் மெலிந்திருந்தாலும் பாலில் உள்ள புரதம் பெரிதாகக் குறைவதில்லை. தன் உடம்பிலிருந்து எடுத்தாவது கொடுப்பாள். ஆகவே அவளுக்குத்தான் முதலில் சோறு போடவேண்டும்.

இன்னொன்று. முகாம் தண்ணீரில் தாய்க்குள் போன கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளும் அவள் பாலில் வந்து சேர்கின்றன. அவையும் புரதங்களே. வயிற்றோட்டத்தால் பிள்ளைகள் சாகும் இடத்தில் எந்தப் பால்மாப் பெட்டியிலும் இது கிடையாது.

தாயை இழந்த பிள்ளைக்குப் பால்மா கொடுக்க வேண்டி வரலாம். அப்போதும் போத்தல் வேண்டாம். கொதித்த தண்ணீரில் கரைத்து, கழுவ இலகுவான சிறு கோப்பையால் பருக்குங்கள். அளவை மருத்துவமாதுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.