கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். பார்முலா எழுதுவது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிரிண்டர் வாங்கலாம்?" என்பதுதான். சாப்ட்வேர் இன்ஜினியர் என்றால் பிரிண்டர் பற்றியும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நானும் யோசிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், விருதுநகரில் இருக்கும் என் சித்தப்பா விஷயத்தில் மாட்டிக்கொள்ளும் வரை.

சித்தப்பா ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதிகம். புராஜெக்ட், அசைன்மென்ட் என்று பிரிண்ட் எடுக்க பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டும்; அங்கே பக்கத்துக்கு 5 ரூபாய். வீட்டிலேயே 4 ரூபாய்க்கு எடுத்துக் கொடுக்கலாமே என்று அவருக்கு ஒரு யோசனை. சித்தி சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. "விலை கம்மியா ஒண்ணு சொல்லு தம்பி" என்றார். 3,000 ரூபாய்க்கு ஓர் இங்க்ஜெட் பிரிண்டரைச் சொன்னேன்.

மூன்று மாதத்தில் 600 பக்கம் ஓடியது. பிறகு ஒருநாள் போன் செய்தார். "மிஷின் மையைக் குடிக்குது தம்பி. ஏதும் ரிப்பேரா?"

ரிப்பேர் எதுவும் இல்லை. 900 ரூபாய் கார்ட்ரிட்ஜில் அவருக்கு 180 பக்கம் வந்திருக்கிறது. 500 தாள் கொண்ட பேப்பர் கட்டு 300 ரூபாய். இவ்வளவுதான் விவரம். இதை அப்படியே ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் வாக்கியக் கணக்காகப் போடலாம். பிளஸ் டூ கணிதத்தில் 200க்கு 196 வாங்கிய நான், கடையில் பிரிண்டரைக் கைகாட்டிய அன்று இதைப் போட்டுப் பார்க்கவில்லை.

இப்போது போடுவோம். முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எது பக்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது, எது ஏறாது? பிரிண்டரின் விலை ஏறாது. ஒரு பக்கம் எடுத்தாலும் ஆயிரம் எடுத்தாலும் 3,000தான். மையும் தாளும் ஏறும். மை, 900ஐ 180ஆல் வகுத்தால் பக்கத்துக்கு 5 ரூபாய். தாள், 300ஐ 500ஆல் வகுத்தால் 60 பைசா. பக்கங்களின் எண்ணிக்கையை 'ப' என்று வைத்துக்கொண்டால்:

செலவு = 3000 + 5.60 × ப
வரவு = 4 × ப

இரண்டாவது வரியையும் முதல் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ப'வுக்கு எந்த எண்ணைப் போட்டாலும் வரவு செலவை எட்டாது. பக்கத்துக்கு 1 ரூபாய் 60 பைசா நஷ்டம். "நிறைய ஓடினால் கட்டும்" என்று சித்தப்பா நினைத்திருந்தார். நிறைய ஓட ஓட நஷ்டம்தான் ஏறியது. 600 பக்கத்துக்குச் செலவு 6,360, வரவு 2,400, சித்தியின் சீட்டுப் பணத்தில் துண்டு விழுந்தது 3,960 ரூபாய். (பிரிண்டரோடு வந்த மையில் கொஞ்சம் பக்கம் இலவசமாக வந்திருக்கும். அதைச் சேர்த்தாலும் கதை மாறாது.)

இதில் பெருக்கல், வகுத்தல் யாருக்கும் கஷ்டமில்லை. செல்போனே செய்துவிடும். வாக்கியத்தைப் பார்முலாவாக மாற்றுவதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். நம் பள்ளிகளில் சமன்பாட்டைக் கொடுத்து 'தீர்க்க' என்று பத்துக் கணக்கு போட வைக்கிறார்கள். சமன்பாட்டை எழுத வைக்கும் கணக்கு பாடத்தின் கடைசியில் இருக்கும். நேரமில்லை என்று அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். என் கருத்தில் இது தலைகீழ். தீர்ப்பதற்குத்தான் வீட்டில் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே!

நம் முன்னோர்கள் இதில் கெட்டிக்காரர்கள். காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' பலாப்பழத்தை அறுக்காமல் சுளைகளை எண்ண ஒரு வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பார்முலா என்றால் இதுதான். பலாப்பழம் அதற்குக் கட்டுப்படுகிறதா என்பது வேறு விஷயம்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் கால்க் போதும். பி1 செல்லில் பிரிண்டர் விலை, பி2வில் பக்கச் செலவு, பி3இல் பக்கங்களின் எண்ணிக்கை. பி4 செல்லில் ஈக்குவல் குறியில் தொடங்கி =பி1+பி2*பி3 என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். இனி எந்த எண்ணை மாற்றினாலும் விடை தானாக மாறும். 1979இல் டான் பிரிக்ளினும் பாப் பிராங்க்ஸ்டனும் விசிகால்க் புரோகிராமை வெளியிட்டபோது வியாபாரிகளைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்தது இந்த வசதிதான்.

ஒரு எச்சரிக்கை. அடைப்புக்குறியை இடம் மாற்றி =(பி1+பி2)*பி3 என்று அடித்தால், பக்கத்துக்கு ஒரு பிரிண்டர் வாங்கியதாகக் கணக்கு வரும். 600 பக்கத்துக்கு 18,03,360 ரூபாய். கம்ப்யூட்டர் சிரிக்காது, கூச்சமில்லாமல் அதையே காட்டும். 900ஐ 180ஆல் வகுப்பதற்குப் பதில் தலைகீழாக வகுத்தால் 0.20 வரும். அது இன்னும் ஆபத்து. ஏனென்றால் பக்கத்துக்கு 20 பைசா என்பது நம்பும்படி இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துச் செல்லில் 'ரூபாய்', 'பக்கம்', 'பக்கத்துக்கு ரூபாய்' என்று எழுதி வையுங்கள். என் ஆபீஸிலும் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

கார்ட்ரிட்ஜ் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையை அப்படியே பி2 கணக்குக்கு எடுக்காதீர்கள். ஐஎஸ்ஓ 24711 போன்ற தரத்தின்படி, சோதனைக்கென்று வைத்த சில பக்கங்களைத் தொடர்ந்து அச்சிட்டு எடுத்த எண் அது. நம் பிள்ளைகளின் புராஜெக்டில் அட்டை முழுக்க நீல வானமும் இந்திய வரைபடமும் இருக்கும். நம் வீட்டில் எத்தனை பக்கம் வந்தது என்று எண்ணிப் போடுவதுதான் சரி.

அடுத்து நான் செய்தது, சித்தப்பாவுக்கு இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்றைக் கணக்கில் வைத்துப் பார்த்தது. விலை 12,000. மை பக்கத்துக்கு 10 பைசா, தாளோடு 70 பைசா. 4 ரூபாய்க்குக் கொடுத்தால் பக்கத்துக்கு 3.30 நிற்கும். 3,637ஆவது பக்கத்தில் முதல் தேறும். அவர் தெருவில் ஓடும் வேகத்துக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். பொறுப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இப்போது தெரிந்து முடிவு செய்வார்.

உங்களுக்கு? மாதம் 20 பக்கம் எடுக்கும் வீடு என்றால் ஐந்து வருஷத்தில் 1,200 பக்கம். கடையில் 6,000 ரூபாய். அந்த இங்க்ஜெட்டில் 9,720. இங்க் டேங்கில் 12,840. வாங்கச் சொல்லித்தான் இந்தப் பக்கங்களில் எழுதுவார்கள். நான் வாங்காதீர்கள் என்கிறேன். உங்கள் ஊர் விலைகளை பி1, பி2வில் போட்டுப் பார்த்து என்னை மறுக்கலாம். மின்கட்டணம் போல அடுக்கடுக்காக விலை மாறும் கணக்குகளுக்கு இந்த ஒற்றை வரி போதாது, இஃப் பங்ஷன் வேண்டும். அதை இன்னொரு இதழில் பார்ப்போம்.

போன வாரம் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு ஷீட் அனுப்பியிருந்தார். லேமினேஷன் மிஷின் விலை, கவர் ஒன்றின் விலை, கரண்ட் செலவு, எல்லாம் தனித்தனி செல்லில். கரண்ட் மட்டும் தப்பு, வாட்டையும் யூனிட்டையும் குழப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.