வி.ஐ.பி: கொலையாளிக்கு யார் காவல்?

2017 ஓகஸ்ட் மாதம் எங்கள் ஊர்ப் பெடியளுக்கு வி.ஐ.பி என்றால் தனுஷ்தான். வேலையில்லா பட்டதாரியின் இரண்டாம் பாகம் அப்போதுதான் வெளியாகியிருந்தது. அதே மாதம் 24ஆம் திகதி தென்கொரியாவிலும் வி.ஐ.பி என்ற பெயரில் ஒரு படம் வெளியானது. இயக்குநர் பார்க் ஹூன்-ஜுங். அதை நான் அண்மையில்தான் கிளிநொச்சியில் ஒரு நண்பரின் வீட்டில் பார்த்தேன். பார்த்து முடிந்தபோது எனக்கு நினைவில் வந்தது, அந்தப் படம் வெளியாகி மூன்று நாட்களில் பிறேசிலில் நடந்த ஒரு சம்பவம்.

முதலில் படத்தின் கதை. வடகொரிய உயர்மட்டப் பிரமுகர் ஒருவரின் மகன் கிம் குவாங்-இல். பெண்களைச் சித்திரவதை செய்து கொல்பவன் அவன். அவனைத் தென்கொரியாவுக்குக் கொண்டுவந்தது சி.ஐ.ஏ.யும் தென்கொரியப் புலனாய்வுத்துறையும். வடகொரியத் தலைமையின் இரகசியப் பணக்கணக்குகள் அவனுடைய தகப்பனுக்குத் தெரியும். அந்தத் தகவல் அமெரிக்கருக்கு வேண்டும். ஆகவே மகனை யாரும் தொடக்கூடாது. பொலிஸ் அதிகாரி அவனை நெருங்கும்போதெல்லாம் புலனாய்வு அதிகாரி குறுக்கே நிற்கிறார். வடக்கிலிருந்து அவனைத் துரத்திவந்த அதிகாரிக்கும் அதே கதிதான்.

கொலையாளி யார் என்பது இந்தப் படத்தில் பெரிய மர்மம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒருவனை ஏன் எவராலும் கூண்டில் ஏற்ற முடியவில்லை என்பதுதான் கதை. வன்னியில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

இனி பிறேசில். ஜெனரல் ஜகத் ஜயசூரிய இறுதி யுத்த காலத்தில் வவுனியாவைத் தளமாகக் கொண்ட வன்னிப் பாதுகாப்புப் படைத் தலைமையகத்தின் கட்டளைத் தளபதி. யுத்தம் முடிந்தபின் இராணுவத் தளபதியானார். 2015இல் பிறேசிலுக்கான தூதுவரானார். கொலம்பியா, பெரு, சிலி போன்ற நாடுகளும் அவருடைய பொறுப்பில் இருந்தன. 2017 ஓகஸ்ட் 28இல், உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேச செயற்திட்டம் என்ற அமைப்பு அவருக்கு எதிராகப் பிறேசிலிலும் கொலம்பியாவிலும் முறைப்பாடு செய்தது. வைத்தியசாலைகள் மீதான தாக்குதல், கொலை, காணாமல் ஆக்குதல், சித்திரவதை ஆகியவற்றுக்குக் கட்டளைப் பொறுப்பு அவருடையது என்பதே குற்றச்சாட்டு. அதற்கு முதல்நாளே அவர் பிறேசிலை விட்டுப் புறப்பட்டிருந்தார். பதவிக்காலம் முடிந்து திரும்பியதாகச் சொல்லப்பட்டது. குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். எந்த நீதிமன்றமும் அவற்றை இன்றுவரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை.

எனவே நான் இங்கே ஆளோடு ஆளை ஒப்பிடவில்லை. ஒப்பிடுவது பாதுகாப்பு வழங்கும் முறையை. படத்தில் அதைத் தருவது புலனாய்வுத்துறை. இங்கே தந்தது தூதுவர் பதவி. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின்படி, ஒரு தூதுவரை அவர் பணிபுரியும் நாடு கைதுசெய்ய முடியாது. ஆகக்கூடியது வெளியேறச் சொல்லலாம்.

அன்று கொழும்பில் இருந்தது நல்லாட்சி அரசாங்கம். 2015 ஒக்ரோபரில் ஜெனீவாவில் 30/1 தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கி, வெளிநாட்டு நீதிபதிகளின் பங்களிப்போடு பொறுப்புக்கூறுவதாக வாக்களித்த அரசாங்கம் அது. அதன் தூதுவராகத்தான் ஜெனரல் இருந்தார். முறைப்பாடு செய்யப்பட்டு ஒரு வாரத்துக்குள், செப்ரெம்பர் 3இல், அவர் மீதோ வேறெந்தப் படைவீரர் மீதோ எவரையும் கைவைக்க விடமாட்டேன் என்று பகிரங்க மேடையில் சொன்னார் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. தமிழ் மக்களின் வாக்குகளாலும் ஜனாதிபதியானவர் அவர். மேற்கு நாடுகளுக்கும் அந்த அரசாங்கம் தேவைப்பட்டது. தேவை இருக்கும் இடத்தில் நீதி காத்திருக்க வைக்கப்படும் என்பதுதான் என் கணிப்பு.

எட்டு ஆண்டுகளின் பின், 2025 மார்ச் 24இல், பிரித்தானியா நான்கு பேருக்குப் பயணத்தடை விதித்துச் சொத்துகளை முடக்கியது. அவர்களில் ஜகத் ஜயசூரியவும் ஒருவர். இது ஒரு முன்னேற்றந்தான். ஆனால் தடை வேறு, விசாரணை வேறு. தடைக்கு அமைச்சரின் முடிவு போதும். விசாரணையில்தான் சாட்சி பேச முடியும்.

படத்தில் எனக்கு உடன்பாடில்லாத இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று, சட்டத்தால் முடியாததை இறுதியில் ஒரு துப்பாக்கி முடித்துவைக்கிறது. பார்ப்பவருக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் அதோடு பாதுகாத்தவர்களின் கோப்பும் மூடப்படுகிறது. மற்றது, கொல்லப்படும் பெண்கள் அங்கே வெறும் உடல்கள். அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை காட்டப்படுவதில்லை. கொரியாவிலேயே இது கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

அந்தப் படம் வெளியானபோது கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் ஆறு மாதங்களாகக் கொட்டகையில் இருந்தார்கள். 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டம் அது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அடுத்தடுத்துத் தொடங்கியது. அங்கே எந்தத் தாயும் துப்பாக்கி கேட்கவில்லை. பிள்ளை எங்கே என்றும், விசாரி என்றுந்தான் கேட்டார்கள்.

பிறேசில் முறைப்பாட்டுக்கு அடித்தளமாக இருந்ததும் உயிர்தப்பியவர்களின் வாக்குமூலங்களே. தூதுவர் பதவியோடு வரும் பாதுகாப்பு பதவியோடு பெரும்பாலும் போய்விடும். எழுதிவைத்த சாட்சியம் போகாது. எந்த இடத்தில், எந்தத் திகதியில், யாரிடம் கையளித்தோம் என்பதை இன்னும் எழுதிவைக்காத குடும்பங்கள் எங்களிடையே இருக்கின்றன. அந்தத் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். மற்றவர்களுக்கும் வயது போகிறது. இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.